நூறு வீதம்

அன்று முதலில் கத்தியது மனேஜரா லோஜினியா என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. மற்ற ஆறு ஆண்களும் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோர் அது, லோஜினி வேலைசெய்த அலுவலகம். பல்கலைக்கழக மாணவி ரிப்கா அதன் வாசலில் பெட்டி வைத்து, மனேஜரைப் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தாள். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்று குறித்தால் போதும்.

மனேஜர் சிவகுருநாதன் முடிவை வாசித்தார். “ஆண்கள் நூறு வீதமும் என்னை நல்லவன் எண்டிருக்கினம். பெண்கள் நூறு வீதமும் நான் கொடுமைக்காரனாம். இஞ்ச நீர் ஒராள்தானே பொம்பிளை?”

“நான் அதை நிரப்பவே இல்லை, சேர்.”

“பொய்! நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்.”

லோஜினி பக்கத்து மேசைக்காரனிடம் திரும்பினாள். “இக்ராம், நீங்களாவது சொல்லுங்கோவன்.”

இக்ராம் கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

வாசலில் ரிப்கா எதிர்ப்பட்டாள்.

“ஆரெண்டு தெரியவராது எண்டனீர். என்ர வேலை போயிட்டுது. பெண் எண்டு போட்ட நாய் ஆர்?”

“ஒராள் இல்லையே அக்கா, ஆறு பேர். இங்க ஆறு பொம்பிளையள் இருக்காங்க எண்டு நினைச்சன்.”

லோஜினி கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள். ஆறு முதுகுகள் தெரிந்தன.

“அப்ப, ஆண்கள் எத்தினை பேர்?”

“ஒராள்தான். உங்கட மனேஜர். பெட்டியில போடாம என்ட கையிலயே தந்தவர்.”

லோஜினி இப்போது அன்புவழிபுரத்து வீட்டில் வேலையில்லாமல் இருக்கிறாள். ரிப்கா பட்டம் பெற்றுவிட்டாள். ஆறு பேரும் அதே கதிரைகளில் இருக்கிறார்கள். ஆண்களின் நூறு வீதம், மனேஜரின் மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது.