வேண்டாத கேள்வி

"வேண்டாத கேள்வி ஒண்ணு வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றபடி கெர்டா கணினி முன்னால் உட்கார்ந்தார். அவரோடு வந்த பழுப்பு நாய் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

"இது யாரு, புதுசா?" என்றாள் தோரா.

"வீட்டுல தனியா இருக்க மாட்டேங்குது. கூட்டிட்டு வந்துட்டேன்."

டென்மார்க்கில், யூட்லாண்டின் அந்தச் சிறு நகராட்சியில் படிவங்களுக்கெல்லாம் பொறுப்பு கெர்டாதான். நீண்ட விடுப்புக்குப் பின் அன்றுதான் வந்திருந்தார். அவர் தலையசைக்காவிட்டால், நகராட்சிக்காகப் புதுப் படிவ மென்பொருளைக் கட்டிய எஸ்பென், தோரா இருவரின் ஆறு மாத உழைப்பும் வீண். அவர்களுடைய சின்ன நிறுவனத்தையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

"எந்தப் படிவத்துல பார்க்கலாம்?" என்றான் எஸ்பென்.

"இறப்புக்கு அப்புறம் குடும்பத்துல நிரப்புறது. பழசு இருக்கே, புருஷன் செத்துட்டான்னு எழுதினா, அடுத்த வரியிலயே 'துணைவர் வேலைக்குப் போகிறாரா'ன்னு கேக்கும்."

எஸ்பென் சிரித்துவிட்டான். "கற்பனையா ஏதாவது போட்டுப் பாருங்க. நகராட்சியோட அசல் தளத்தோட இணைச்சாச்சு, அனுப்பினா நிஜமாவே பதிவாயிடும். முடிஞ்சதும் நான் அழிச்சிடறேன்."

கெர்டா தட்டினார். இறந்தவர்: கணவர். பிள்ளைகள்: இல்லை. அந்தச் சொல் விழுந்ததும் பிள்ளைகளைப் பற்றிய பகுதி முழுவதும் சத்தமில்லாமல் மறைந்தது. வாடகை வீடா? இல்லை. இன்னொரு பகுதியும் ஒதுங்கிக்கொண்டது.

அவருடைய விரல்கள் நின்றன. "மனுஷங்களுக்கே இவ்வளவு இங்கிதம் இல்லப்பா," என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு குறையுது. நாய்."

"நாயா?"

"வளர்த்தவர் செத்துட்டா, நாய் யாரு பேர்ல இருக்குங்கற பதிவை மாத்தணும்ல?"

எஸ்பெனுக்கு முகம் வெளுத்தது. "எல்லாத்தையும் யோசிச்சாச்சுன்னு சொன்னியேடா," என்று பல்லைக் கடித்தாள் தோரா. பிறகு கெர்டாவிடம் திரும்பினாள். "நீங்களே சேர்த்துக்கலாம். அதுக்குத்தானே இதைக் கட்டினோம். இங்கேருந்து ஒரு கேள்வியை இழுத்துப் போடுங்க. 'ஆம்'னா அடுத்து என்ன வரணும்னு சொல்லுங்க, போதும்."

ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாத கெர்டா இழுத்துப் போட்டார். நாய் இருந்ததா? ஆம் என்றால், அதன் பெயர் என்ன? இனி யார் வளர்ப்பார்?

'ஆம்' என்று அழுத்தியதும் வெற்றிடத்திலிருந்து இரண்டு கேள்விகளும் முளைத்தன. எஸ்பென் மூச்சுவிட மறந்தான். அவன் கட்டியதுதான். ஆனால் இன்னொருவர் கையில் அது உயிரோடு அசைவதை அப்போதுதான் பார்த்தான்.

'கனெல்', 'மனைவி' என்று நிரப்பி அனுப்பினார் கெர்டா. ஒப்புதல் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

"நாய்க்குப் பேரு வரைக்கும் யோசிச்சிருக்கீங்க. நீங்க கதை எழுதப் போகலாம்," என்றாள் தோரா.

"சரி, சோதனைப் பதிவை அழிச்சிடறேன்," என்று கணினிப் பக்கம் கையை நீட்டினான் எஸ்பென்.

"வேண்டாம்ப்பா. இருக்கட்டும்."

கெர்டா கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார்.

"வா கனெல், வீட்டுக்குப் போகலாம்."

பழுப்பு நாய் எழுந்து வந்தது.