திறந்த ஜன்னல்

பைத்தியக்காரன் கோபுரத்தின் படிகளில் ஈனிட் மூச்சிரைக்க ஏறினாள்.

கீழே திறப்பு விழாக் கூட்டம், மழைத் தூறலில் தேநீரும் கேக்குமாக நின்றிருந்தது. அவள் கணவன் வில்ஃப், ரிப்பன் வெட்டிய கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ சுண்ணாம்புச் சாந்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்தப் பாழடைந்த கோபுரத்தைச் செப்பனிடுகிற வேலைதான் அவனுக்கு. இருநூறு வருடத்துக்கு முன்னால் சாமர்செட் சீமைப் பிரபு ஒருவன் எதற்கென்றே தெரியாமல் கட்டிவிட்டுப் போனது. அதைக் கட்டிக்கொண்டு அழ இவனுக்கு என்ன தலையெழுத்து?

தெல்மாதான் காரணம். கோபுரப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். விதவை. சாந்து அப்பிய கால்சட்டையிலும் அழகாகத் தெரிகிறவள். அவளை நினைத்தாலே ஈனிட்டுக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டு ரெஜ்தான் முதலில் சொன்னான். சனிக்கிழமைகளில் அவள் கொல்லையில் அவரைக்கொடிப் பந்தலைப் பார்த்துக்கொள்ள வருவான். "உன் ஆளு அங்க சும்மா கல்லு அடுக்கலை, ஈனிட். நெருப்பில்லாம புகையுமா?"

அவர்கள் இருவரும் வேலை செய்யும் அந்த உச்சி அறையை இன்றைக்குத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அங்கே தெல்மா மட்டும் இருந்தாள். அவள் நினைத்திருந்த மாதிரி சோபா இல்லை, மெத்தை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு ஜன்னல்; உள்ளே வந்தால்தான் மூன்று பொய் என்று தெரியும். கல்லின் மேல் கறுப்புச் சாயம் அடித்து ஊரை ஏமாற்றியிருக்கிறான் பிரபு.

"வாங்க ஈனிட். கூரையை முதல்ல பாருங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டோம். கேட்டாத்தானே? கொடியெல்லாம் வெட்டி இந்த ஜன்னலைத்தான் முதல்ல திறந்தார். அப்புறம் இந்த மூலையை விட்டு நகரலை. என்கிட்ட நாலு வார்த்தை பேசியிருந்தா அதிசயம்."

குரலில் பொய் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ஈனிட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜன்னலடியில் வாளி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது, உட்காருவதற்கு. திண்டில் முழங்கை ஊன்றும் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

வில்ஃப் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து, முழங்கை ஊன்றி வெளியே பார்த்தாள்.

சரிவுக்குக் கீழே அவள் வீட்டுக் கொல்லை. அவரைப் பந்தல். பந்தலுக்கும் மதிலுக்கும் நடுவே, தெருவிலிருந்தும் வீட்டுக்குள்ளிருந்தும் யாருக்கும் தெரியாத, சனிக்கிழமைகளில் அவளும் ரெஜ்ஜும் உட்காரும் அந்தப் பெஞ்சு.

அதன் மேல் ரெஜ் மறந்துவிட்டுப் போன தொப்பி. இங்கிருந்து அதன் நிறம்கூடத் தெரிந்தது.