ஆற்றுக்குக் காவல்

தையல் கடை வாசலில் நின்றாலே ஆறு தெரியும். குழாய் பதிக்கத் தோண்டிய மண் தண்ணீரில் கரைந்தால், டெய்லரம்மா கத்திரிக்கோலை வைத்துவிட்டுப் போனை எடுப்பாள். படம் குழாய் பதிக்கும் கம்பெனிக்கும் போகும், அதிகாரிக்கும் போகும். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஓடிவந்து தடுப்புக் கட்டுவார்கள்.

"பயந்து சாகறானுங்க. விடாதே!" என்பார் கணவர். வேலை போனதிலிருந்து கடைக்குள் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறார்.

அன்று கம்பெனியின் புது இன்ஜினீயரே கடை வாசலுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று அவளும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

"கோபப்படாதீங்கம்மா. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"நன்றியா? எனக்கா?"

"மண் கரையுதான்னு பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வெச்சிருந்தாங்க. அவர் சொன்னதையே நீங்க ஓசியில சொல்லிடுறீங்களே! அதான் அவரை நிறுத்தியாச்சு. இந்தாங்க, அவர் போட்டிருந்த சட்டை. இனி இதை மாட்டிக்கிட்டு ஆத்தோரமே இறங்கிப் பாருங்க. கொஞ்சம் பெருசா இருக்கும், பிடிச்சுத் தைச்சுக்கங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மின்னும் பட்டை வைத்த மஞ்சள் சட்டை. அவள் விரித்துப் பார்த்தாள். பையோரம் கிழிந்து, தைத்திருந்தது. மஞ்சள் நூல் தீர்ந்துபோன அன்று, வேலைக்கு நேரமாச்சு என்று கணவர் அவசரப்படுத்த, அவளே பச்சை நூலால் போட்ட தையல்.

உள்ளே கணவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"யாரு, கம்பெனிக்காரனா? கடை தேடியே வந்துட்டானா? நல்லாப் பயந்துட்டான் பாரு!"