புள்ளி நிற்கக் கூடாது

"இதோ திரும்பிடுச்சும்மா. இப்ப இங்க வந்து நிக்கும் பாருங்க" என்று அதிகாரி தன் செல்போனைத் தையல்காரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

திரையில் ஒரு பச்சைப் புள்ளி தெருத்தெருவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதுதான் அரசுப் பள்ளிப் பேருந்து.

நிறுத்தத்தில் பிள்ளைகள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார்கள். மாதக்கணக்கில் இவர்கள் லாரி ஓடும் சாலையில் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள் என்பது தையல்காரம்மாவின் புகார். அதற்கு வாய்ப்பே இல்லை என்பது அதிகாரியின் கட்சி.

பேருந்துகளுக்கெல்லாம் இருப்பிடம் காட்டும் பெட்டி பொருத்தியது அவருடைய திட்டம். எந்த வண்டி எந்தத் தெருவில் போகிறது என்று அமைச்சரே தன் அறையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அதிகாரி அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

போன வாரம் குறைகேட்புக் கூட்டத்தில் இந்த அம்மா எழுந்து, பேருந்தே வருவதில்லை என்றார். அதிகாரி பெரிய திரையில் புள்ளியைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அம்மா உட்காரவில்லை.

"புள்ளி தெனமும் வருது சார், நான் இல்லேன்னு சொல்லல. பிள்ளைங்க அதுல எப்படி ஏறுறது?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது, இந்த முறை அதிகாரியைப் பார்த்து.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானே வந்து நிறுத்தத்தில் நிற்கிறேன், பேருந்து வராவிட்டால் அது வரும்வரை என் ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிப் போகிறேன் என்று மைக்கைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாக்குதான் காலங்காத்தாலே அவரை ஜீப்போடு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

புள்ளி மருந்துக்கடையைத் தாண்டியது. பால் பூத்தைத் தாண்டியது. பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிறவரின் உற்சாகத்தோடு அதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எதற்கோ ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வந்தாச்சு" என்றார்.

தெருமுனையில் ஒரு பழைய மொபெட் திரும்பியது.

ஓட்டி வந்தவர் பேருந்து டிரைவரின் காக்கிச் சீருடையில் இருந்தார். கைப்பிடியின் நடுவே ஒரு கறுப்புப் பெட்டியை பேட்டரியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

மொபெட் நிறுத்தத்துக்கு நேராக வந்து ஒழுங்காக நின்றது. செல்போனில் புள்ளியும் நின்றது. அதிகாரியைப் பார்த்த டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"பஸ் எங்கய்யா?"

"டிப்போல நிக்குது சார். கியர்பாக்ஸ் போயிடுச்சு. பெட்டி வாங்கப் பணம் வந்துச்சு, கியர்பாக்ஸுக்கு இன்னும் வரல."

"அப்புறம் எதுக்குய்யா இதைத் தூக்கிக்கிட்டுச் சுத்துற?"

டிரைவர் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "அமைச்சர் பாக்குறாரு, எந்த வண்டியோட புள்ளியும் காலையில நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் மீட்டிங்ல உத்தரவு போட்டீங்க. அதான் பெட்டிய மட்டும் கழட்டி எல்லா ஸ்டாப்புக்கும் கொண்டுபோயிட்டு வரேன்."

அதிகாரிக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் மேசையைத் தட்டி அதைச் சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. அசடு வழிய நின்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

அங்கேயே நின்றபடி பணிமனைக்குப் போன் போட்டு, கியர்பாக்ஸுக்கு அனுமதி கொடுத்தார். வாரக் கடைசிக்குள் பேருந்து ஓடும் என்றார்கள். அதுவரைக்கும் ஜீப்தான் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் அதில் ஏறி அடைந்திருந்தார்கள்.

தையல்காரம்மா மட்டும் நகரவில்லை. கூட்டத்தில் கணீரென்று பேசியவரின் குரல் இப்போது கம்மிப்போயிருந்தது.

"சார், அந்த டிரைவர் மேல நடவடிக்கை எடுப்பீங்களா?"

அந்த ஆளைச் சும்மா விடாதீர்கள் என்கிறார் போலிருக்கிறது என்று அதிகாரி நினைத்தார். நியாயமான கோபம்தான். பேருந்துக்குக் காத்திருந்து தினமும் இந்த மொபெட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது. இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"விட்டுடுங்கம்மா, பாவம். தப்பு என்னோடது. அவர் வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். என்ன ஒரு பெரிய மனசு என்று வியந்தபடி அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

வண்டியைக் கிளப்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தார். தையல்காரம்மா மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்து, டிரைவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நேத்தே சொன்னேன்ல, நல்ல மனுஷன்தான், பயப்படாதீங்கன்னு. நம்ம பெரியவளும் ஜீப்புல ஏறிட்டா. வண்டிய எடுங்க, கடை தொறக்கணும்."