கூட்டிப் பார்த்தவள்

காலை ஆறே முக்காலுக்குச் சபாபதி நாள்காட்டித் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் ஐம்பத்திரண்டில் பதினேழு போக என்று எழுதி, மனைவி கோமளத்திடம் நீட்டினார். அவள் மூளையிலிருந்த கட்டியை எடுத்த டாக்டர் தினமும் ஒரு கணக்கு கொடுக்கச் சொல்லியிருந்தார். "விடை தப்பா வரட்டும். தப்புன்னு அவங்களே கண்டுபிடிக்கிறாங்களான்னு மட்டும் பாருங்க."

வலது கை இன்னும் வழங்கவில்லை. இடது கையால் நாற்பத்தைந்து என்று எழுதினாள்.

"சரியா?"

"சரிதான்," என்றார். முதல் நாள் தப்பு என்று சொல்லப்போய், அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதிலிருந்து எல்லாமே சரிதான்.

தாளை வாங்கக் கை நீட்டினார். அவள் விடவில்லை. நாற்பத்தைந்துக்குக் கீழே பதினேழை எழுதிக் கோடு போட்டாள். தையல் கடை வைத்திருந்தபோது அப்படித்தான். வெட்டப்போவதையும் மிஞ்சுவதையும் கூட்டிப் பார்க்காமல் கத்தரியைத் தொடமாட்டாள்.

உதடுகள் அசைந்தன. விரல்கள் மடங்கின. அறுபத்திரண்டு. அதையும் மேலே இருந்த ஐம்பத்திரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது. சபாபதி எழுந்து போகவில்லை.

நாற்பத்தைந்தின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய கோபம் இருந்தது.

"தெரிஞ்சேதான் சரின்னு சொன்னீங்களா? நேத்துப் போட்ட தாள் எங்க?"