ஈரத் தளத்தில் பதினோரு தடம்

"எந்தப் பய என் தளத்துல நடந்தது?"

கொத்தனார் மதுரைவீரன் போட்ட சத்தத்தில், அந்த அன்னவாசல் வீட்டு வேப்பமரத்தில் இருந்த காக்காய்கள் பறந்து, சித்தன்னவாசல் மலைக்குப் போய்த்தான் உட்கார்ந்தன.

கொல்லையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபக்குமார் எச்சில் கையோடு ஓடிவந்தான். அவன் வீடு அது. காலையில் இழைத்து முடித்த ஹாலின் சிவப்புத் தரை ஈரத்தில் மின்னியது. அதன் குறுக்கே, அடுக்களை வாசலில் தொடங்கி முன்வாசல் வரை, பதினோரு சின்னக் காலடிகள்.

"போச்சு" என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான் ஜெபக்குமார்.

இன்னும் பதினெட்டு நாளில் அவனுக்குக் குவைத் பிளைட். அதற்கு மூன்று நாள் முன்னால் குடிபுகும் விழா, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. இதை விட்டால் சொந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட அவன் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"லேசாத் தேச்சு விட முடியாதாண்ணே?"

"பாதி இறுகிருச்சு தம்பி. இனிமே கரண்டிக்கு மசியாது. ஒட்டுப் போட்டா மூஞ்சியில தேமல் மாதிரித் தெரியும். ஹால் முழுக்கக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். ஏழு நாளு தண்ணி கட்டணும், அப்பறம் காயணும், மெழுகு போடணும். எப்படியும் இருவத்தஞ்சு நாளு. ஒங்க பிளைட்டு எப்பன்னு தளத்துக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் டைல்ஸ் ஒட்டுவோம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இவ கேட்டாளா?"

சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்து நின்ற அவன் மனைவி ஷீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாடகை வீட்டு டைல்ஸ் இடுக்குல ஒரசி ஒரசி புள்ளைக்கு முட்டியெல்லாம் புண்ணுங்க. தவழுறவனுக்கு வழவழன்னு ஒரு தரை கேட்டேன். அது தப்பா?"

முன்வாசலில் படிக்குப் பதிலாகக் கொட்டியிருந்த மணலில் உட்கார்ந்து, மகன் ஜோயல் இரண்டு கையாலும் மணலை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அழாத ஆத்தா" என்றார் மதுரைவீரன். "நார்த்தாமலைப் பக்கம் ஒரு வீட்ல, ஈரத் தளத்துல கெடா படுத்துருச்சு. காயிற வரைக்கும் அது எந்திரிக்கல. இன்னைக்கும் அவுக அந்தக் குழியிலதான் குழம்புச் சட்டிய வைக்கிறாக. ஆடாம அசையாம நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை, சொன்னது சத்தியம் என்பது போல. அடுத்து, சந்தேகத்தோடு சித்தாள் அழகியைப் பார்த்தார்.

"என்னைய எதுக்குப் பாக்குறீக? என் ஒரு காலுக்குள்ள இந்தப் பதினொண்ணும் அடங்கிரும்" என்றாள் அழகி.

மதுரைவீரன் அடுக்களை வாசலோரம் குத்துக்காலிட்டு, தடங்களைப் போலீஸ்காரர் போல ஆராய்ந்தார்.

"சரியான அரைவேக்காட்டுத் திருடனா இருப்பான் போல. ஒவ்வொரு அடிக்கும் நின்னு யோசிச்சிருக்கான். வலது காலு உள்ள வாங்குது. இந்தா, இங்ஙன விழுந்து கைய ஊனியிருக்கான். எந்திரிச்சு மறுபடி போயிருக்கான். விட்டுட்டுத் திரும்பிப் போவோம்னு தோணல பாரு அந்தப் பயலுக்கு!"

ஷீபா மூக்கை உறிஞ்சினாள். "அடுக்களையில சாக்க விரிச்சு உக்கார வச்சிட்டு, ஒங்களுக்குச் சோறு போட வந்தேன். நல்லவேளை, நீங்க அவனத் தூக்கிட்டுப் போயி மணல்ல விட்டீங்க. இல்லாட்டி அவனும் இதுல பொரண்டிருப்பான்."

"நான் எங்க தூக்குனேன்? நீதான் மணல்ல விட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றான் ஜெபக்குமார்.

"நான் விடலையே."

இருவரும் அழகியைப் பார்த்தார்கள். அழகி இல்லையென்று தலையாட்டினாள்.

மதுரைவீரன் மெல்ல எழுந்து, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், மணலில் இருந்தவனின் பாதத்தை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார். உள்ளங்கால் முழுக்கச் சிவப்பு. தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, கொத்தி எடுத்துருவமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"தொடாதீங்கண்ணே!" என்று கத்தினான் ஜெபக்குமார். "அப்படியே காயட்டும்."

ஷீபா அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிற மாதம் நாலு வயது முடியப்போகும் ஜோயல், அன்றுவரை ஒரு நாள்கூடத் தன் காலில் எழுந்து நின்றதில்லை.