மலைப்பாதைக்கு ஒரு ரேடியோ

கென்டக்கி மலையடிவாரத்தில், பிக்கப் வண்டிக்கு வாக்கி-டாக்கி போல இருபக்கமும் பேசும் ரேடியோ மாட்டிக்கொண்டிருந்த கிளைடுக்கு, வண்டிக்காரரின் கேள்விகள் பிடிக்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் போகக் குறுக்குப் பாதை இருக்கா? அங்க ராத்திரியில யார் நடமாடுவாங்க?"

தன் தம்பி கள்ளச்சாராயம் கடத்துகிற வழியையல்லவா இந்த ஆள் கேட்கிறான்! சந்தேகமே இல்லை, மஃப்டி போலீஸ்.

கிளைடு ஆன்டெனா ஒயரின் முனையை ஓசைப்படாமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி அந்த ரேடியோ யார் கூப்பிட்டாலும் கேட்காத வெறும் டப்பா.

"ரேடியோவுல விளக்கு எரியுது பாருங்க. அவ்வளவுதான் சார், கிளம்புங்க!"

வண்டி மறைந்ததும், நிறைமாத மனைவி நடீன் இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"கிளைடு, வலி எடுத்திருச்சு! நம்ம ரேடியோவுல புது டாக்டரைக் கூப்பிடு."

"எந்த டாக்டர்?"

"இப்பப் போனாரே, அவர்தான். கூப்பிட்ட உடனே வர்றதுக்குத்தானே வண்டியில ரேடியோ மாட்டினாரு!"

கிளைடின் கை சட்டைப் பையைத் தடவியது.